முற்றிய புற்றுநோய்க் கட்டிக்கு ‘முதல் கட்ட மருந்து ஆய்வு’ என்கிறார்களே, அது என்ன?

புதிய மருந்தை முதன்முதலாக மனிதருக்குக் கொடுத்து, எந்த அளவு வரை உடம்பு தாங்கும் என்று பார்ப்பதுதான் இது. கட்டி கரைகிறதா என்பதையும் கவனிப்பார்கள், ஆனால் முக்கியக் கேள்வி அதுவல்ல.

கிருஷ்ணகிரி மாந்தோப்பில் தத்துப்பூச்சிக்குப் புது மருந்து வந்தால் தோப்பு முழுக்க அடித்துவிடுவோமா? ஓரிரு மரத்தில் குறைவாக அடித்து, இலை கருகுகிறதா என்று பார்த்துத்தானே அளவைக் கூட்டுவோம்! இங்கேயும் பெரும்பாலும் மூன்று பேருக்குக் குறைந்த அளவு. கடும் பக்கவிளைவு இல்லையென்றால் அடுத்த மூன்று பேருக்குச் சற்றுக் கூடுதல். ஒருவருக்கு வந்தால், அதே அளவில் இன்னும் மூன்று பேர்.

இந்த மருந்துகளில் பல, நல்ல செல்களையும் பாதிக்கக்கூடியவை. அதனால்தான் ஆரோக்கியமானவர்களை விட்டு, வழக்கமான சிகிச்சை பலன் தராதவர்களை ஆய்வில் சேரக் கேட்கிறார்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் விலக முடியாது என்று பலர் பயப்படுகிறார்கள். எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகலாம்.