இரண்டு விமானங்களுக்கு நடுவே 'இடைவெளி இழப்பு' என்றால் மோதப் பார்த்தன என்று அர்த்தமா?

அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ரேடார் கண்காணிப்பில் பொதுவாக மேல்-கீழாக 1000 அடி, இல்லையென்றால் பக்கவாட்டில் 5 கடல் மைல் (விமான நிலையம் அருகே 3) இருக்க வேண்டும். இரண்டுமே ஒரே நேரத்தில் குறைந்தால்தான் இழப்பு. விமான நிலையத்துக்குத் தொலைவில், ஒரே உயரத்தில் 4.8 கடல் மைல் தள்ளிக் கடந்தாலும் கணக்கில் மீறல்தான்.

காரணம் பல நேரம் சப்பென்று இருக்கும்: தரையிலிருந்து வழிநடத்தும் கன்ட்ரோலர் சொன்ன உயரத்தை பைலட் தவறாகத் திருப்பிச் சொல்வார், வேலை நெருக்கடியில் கன்ட்ரோலர் அதைக் கவனிக்க மாட்டார். அப்புறம் கடைசி அரண், விமானத்திலேயே இருக்கும் டிகாஸ் (TCAS) என்ற மோதல் தடுப்புக் கருவி. அது 'ஏறு' என்று கத்தும்போது கன்ட்ரோலர் 'இறங்கு' என்றால்? டிகாஸ் பேச்சைத்தான் கேட்க வேண்டும். 2002-இல் ஜெர்மனியின் யூபர்லிங்கன் வானில் ஒரு விமானம் கன்ட்ரோலர் சொல்படி இறங்கியது, எதிரே வந்தது டிகாஸ் சொல்படி இறங்கியது. 71 பேர் இறந்தார்கள்.