கிலோஹெர்ட்ஸ் லேசரில் எலெக்ட்ரானே வரவில்லையா?

லேசர் துடிப்பை வாயுவில் பாய்ச்சி எலெக்ட்ரான்களை முடுக்கப் பார்க்கிறீர்கள்: துடிப்புக்கு 5 மில்லிஜூல், 30 ஃபெம்டோநொடி (ஃபெம்டோநொடி என்பது நொடியின் 10¹⁵-இல் ஒரு பங்கு), நொடிக்கு 1,000 துடிப்பு. வாயுத் தாரையில் கன செ.மீ.க்கு 10¹⁹ எலெக்ட்ரான். எலெக்ட்ரான் பட்டால் ஒளிர வேண்டிய திரையில் ஒரு புள்ளிகூட ஒளிரவில்லை என்கிறீர்கள். வாயுவைப் பீய்ச்சும் நாஸிலைத் திட்டாதீர்கள், கணக்குதான் இடிக்கிறது. உங்கள் உச்சத்திறன் 0.17 டெராவாட். அந்த அடர்த்தியில் லேசர் கற்றை தானே குவிந்து எலெக்ட்ரானை முடுக்கும் வலுப் பெற ஏறக்குறைய 3 டெராவாட் வேண்டும். அடர்த்தியை 20 மடங்கு ஏற்றினால் 0.15 டெராவாட் போதும். அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகக் குழு மெல்லிய, அடர்ந்த தாரையில் இப்படித்தான் எலெக்ட்ரான் எடுத்தது. ஆனால் அங்கே பிளாஸ்மா அலைநீளம் (லேசர் எழுப்பி, எலெக்ட்ரானைத் தள்ளும் அலையின் நீளம்) 2.4 மைக்ரான், உங்கள் துடிப்போ 9 மைக்ரான் நீளம். துடிப்பு அந்த அலையைவிட நீளமாக இருப்பதால் எலெக்ட்ரான்களின் ஆற்றல் ஒரே அளவாக இல்லாமல் பரவலாகத்தான் வரும்.

சீரான எலெக்ட்ரான் கற்றை வேண்டுமென்றால் லேசர் துடிப்பை ஹீலியம் நிரப்பிய உள்ளீடற்ற இழையில் 4 ஃபெம்டோநொடிக்குச் சுருக்குங்கள். பிரான்சின் பலேசோவில் 2017-இல் அந்த வழியில் 5 மெகா எலெக்ட்ரான் வோல்ட் வரை எட்டினார்கள். அப்புறம், வாயுத் தாரை இடைவிடாது ஓடினால் வெற்றிடப் பம்ப் தாங்குமா என்று முதலில் பாருங்கள். நான் சறுக்கியது அங்கேதான்.