துளை போடாமலே கடலடியில் இருப்பது எப்படித் தெரிகிறது?

பழவேற்காட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: ஆந்திரக் கடலில் ஆய்வுக் கப்பல் நீளமான கேபிளை இழுத்துப் போகிறதே, எதற்கு?

அந்தக் கேபிளில் சில கிலோமீட்டருக்கு ஹைட்ரோபோன்கள், அதாவது நீருக்குள் ஒலியைக் கேட்கும் மைக்குகள், இருக்கும். கப்பல் சில நொடிக்கொருமுறை அழுத்தக் காற்றை நீருக்குள் பீய்ச்சும். அந்த அதிர்வலையில் கொஞ்சம் கடல்தரையில் பட்டுத் திரும்பும். மிச்சம் உள்ளே இறங்கி, பாறையின் அடர்த்தியோ அலைவேகமோ மாறும் ஒவ்வோர் எல்லையிலும் கொஞ்சம் திரும்பும்.

தரையின் எதிரொலி 2 நொடியில் வந்தால், நீரில் ஒலிவேகம் நொடிக்கு சுமார் 1,500 மீட்டர், போய்வரும் தூரத்தில் பாதி, ஆக ஆழம் 1,500 மீட்டர். அடுத்த எதிரொலி 0.4 நொடி பிந்தினால்? வண்டலில் வேகம் 2,000 என்றால் அந்த அடுக்கு 400 மீட்டர் தடிமன். வேகம் தப்பினால் படமே தப்பு. கேபிள் நீளமாக இருப்பது அதற்காகத்தான்: ஒரே எதிரொலி தூரத்து ஹைட்ரோபோனுக்கு எவ்வளவு தாமதமாகிறது என்பதை வைத்தே வேகத்தைக் கணிக்கிறார்கள்.

உங்களுக்கு வடக்கே கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் அருமையான உதாரணம் உண்டு. கடல்தரைக்கு இணையாக, ஆனால் தலைகீழான அலைவடிவத்தோடு ஓர் எதிரொலி வரும். அந்த எதிரொலி வரும் எல்லைக்கு மேலே, நீரும் மீத்தேனும் சேர்ந்து உறைந்த, பனிக்கட்டி போன்ற மீத்தேன் ஹைட்ரேட்டில் அலை வேகமாகப் போகும்; கீழே வாயு சிக்கிய வண்டலில் வேகம் சட்டென்று குறையும். அதனால்தான் அந்தத் தலைகீழ். 2006-ல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கப்பல் அந்தப் படுகையில் துளையிட்டு ஹைட்ரேட்டையே வெளியே எடுத்தது.