இருளர் பையன்னா பாம்பு புடிக்கத் தெரிஞ்சிருக்கணுமா?

"வேற வேற பின்னணியில இருந்து வர்ற பசங்களோட பண்பாட்டை கிளாஸ்ல ஒரு டீச்சர் எப்படி மதிக்கணும்?"னு கேட்டிருக்கீங்க. நான் செங்கல்பட்டு பக்கம் ஒரு கவர்ன்மென்ட் ஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியார். எப்படி மதிக்கணும்னு கிளாஸ் எடுக்குற அளவுக்கு எனக்குத் தகுதி இல்ல, ரெண்டு தடவை சொதப்பின கதை வேணா சொல்றேன்.

என் கிளாஸ்ல நாலு இருளர் பழங்குடிப் பசங்க. ஒரு வருஷம் மாசி மாசத்துல நாலு பேரும் சேர்ந்தாப்ல மூணு நாள் லீவு. வந்தவங்கள வெளிய நிக்க வெச்சு நல்லா திட்டிட்டேன். ஒரு பொண்ணு மட்டும் தலையக் குனிஞ்சுகிட்டு "மகத்துக்குப் போனோம் சார்"னுச்சு, எனக்கு எதுவும் புரியல. அப்புறம் சத்துணவு அக்கா சொல்லித்தான் தெரிஞ்சுது, மாசி மகத்துக்கு எங்கெங்கேயோ இருந்து இருளர் ஜனங்க மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து, புடவையக் கட்டி கூடாரம் போட்டு மணல்லயே தங்கி, விடியக்காலைல மணல்ல ஏழு படி கட்டி கன்னியம்மாவைக் கும்புடுவாங்களாம், கல்யாணம் மொட்டை காதுகுத்து எல்லாமே அங்கதான். நமக்கு தீபாவளின்னா காலண்டர்லயே செவப்பா போட்டுருக்கு, யார்கிட்டயும் லீவு கேட்டு நிக்க வேண்டியதில்ல. இது இத்தனை வருஷமா பக்கத்துலயே நடக்குது, நான் அந்த பீச்சுக்கு டூர் கூட்டிட்டுப் போயிருக்கேன், ஆனா தெரியல பாருங்க.

சரி, பரிகாரமா ஏதாவது செய்யலாம்னு நெனச்சேன், அதுதான் ரெண்டாவது சொதப்பல். பாம்புக்கடி மருந்து பத்திப் பேசும்போது, மாமல்லபுரம் பக்கத்துல இருக்குற வடநெம்மேலி பாம்புப் பண்ணை கதையைச் சொன்னேன். 1972 வனவிலங்கு சட்டத்துக்கு அப்புறம் பாம்புத்தோல் வியாபாரம் நின்னு, பொழப்பு போன இருளர்கள் 1978ல கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சது, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலையும் புடிச்சு விஷத்தை எடுத்துட்டு திரும்ப காட்டுலயே விடுறது, 2023ல மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ குடுத்தது எல்லாம். கிளாஸ் வாயப் பொளந்து கேட்டுச்சு. அதோட நிறுத்தியிருக்கலாம். கடைசி பெஞ்சு பையனைப் பாத்து "நீ சொல்லுடா, எப்படிப் புடிப்பீங்க?"ன்னுட்டேன்.

"எங்கப்பா ரைஸ் மில்லுல மூட்டை தூக்குறாரு சார். பாம்பப் பாத்தா நான் ஓடிருவேன்."

கிளாஸே சிரிச்சுது. அவன் சிரிக்கல. அன்னிக்குப் பூரா மத்த பசங்க அவனை "பாம்பு"ன்னு கூப்ட்டாங்க, அந்தப் பேரை வெச்சது நான்தான். அத நிறுத்த எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

இப்ப யாரையும் எழுப்பி "உங்க பழக்கத்தைச் சொல்லு"ன்னு கேக்குறதில்ல. ஜூன்லயே வீட்டுப் பெரியவங்ககிட்ட எந்தெந்த நாள் புள்ளைங்க வராதுன்னு கேட்டு டைரில குறிச்சுக்குறேன். இந்த வருஷம் மகம் வாரத்துல வந்த யூனிட் டெஸ்ட்டை மூணு நாள் தள்ளி வெச்சேன், ஹெச்.எம். கொஞ்சம் மொனகுனாங்க, அப்புறம் சரின்னுட்டாங்க. திரும்பி வந்தப்ப அந்தப் பொண்ணு கேக்காமலே சொல்லுச்சு, "கன்னியம்மா கோச்சுக்கிட்டு கடலுக்குள்ள போயிருச்சு சார், நாங்க போய்க் கூப்புட்டாத்தான் வரும்." பையிலேர்ந்து கொஞ்சம் பொரி எடுத்துக் குடுத்துச்சு, பாதி மணலு.