இரண்டும் சேர்ந்து விழுமா?

வாசகர் கேள்விகள்: வெப்சைட் ஹோஸ்டிங், டேட்டா சென்டர். பதில் சொல்பவர், சென்னையில் டேட்டா சென்டர்களின் (வெப்சைட்களை ஓடவைக்கும் சர்வர் கணினிகளை மொத்தமாக வைத்திருக்கும் கட்டடங்கள்) மின்சாரப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர்.

காஞ்சிபுரத்திலிருந்து, ஆன்லைனில் பட்டுப்புடவை விற்கும் வாசகி: தீபாவளி வாரத்தில் எங்கள் வெப்சைட் காலையிலிருந்து சாயங்காலம்வரை திறக்கவே இல்லை. ஹோஸ்டிங் நிறுவனம் 99.9 சதவீத அப்டைம் (சைட் நிற்காமல் ஓடும் நேரம்) உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. கேட்டால், அடுத்த மாதக் கட்டணத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறோம் என்கிறார்கள். இது என்ன நியாயம்?

வியாபாரம் மும்முரமாக நடக்கும் நாளில் கடை பூட்டிக் கிடந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 99.9-ஐக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 8,760 மணி நேரம். அதில் 0.1 சதவீதம் என்றால் எட்டே முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரம் சைட் படுத்தாலும் வருடக் கணக்கில் அவர்கள் வாக்கு தவறவில்லை. அத்தனையும் தீபாவளி வாரத்தில் ஒரே நாளில் வந்தாலும் சரிதான். மாதக் கணக்கு என்றால் 30 நாளைக்கு 43 நிமிடம். இன்னொரு ஒன்பதைச் சேர்த்து 99.99 என்று போட்டால் வருடத்துக்கு 53 நிமிடத்துக்கும் குறைவு.

ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தைப் படியுங்கள். முன்கூட்டியே அறிவித்த பராமரிப்பு நேரம் பெரும்பாலும் கணக்கில் வராது. இழப்பீடும் அந்த மாதக் கட்டணத்தைத் தாண்டாது. விற்காமல் போன புடவைக்கு அதில் இடமே இல்லை. அந்தச் சதவீதம் பில்லைப் பற்றியது, கட்டடத்தைப் பற்றியது அல்ல. அடுத்த நிறுவனத்தைத் தேடும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: சர்வர் எந்த ஊரில், எந்த டேட்டா சென்டரில் இருக்கிறது, கடைசியாக எப்போது நின்றது, எதனால் நின்றது? நின்ற தேதியையும் காரணத்தையும் தானாகவே வெளியிடுகிற நிறுவனத்தை நான் கூடுதலாக நம்புவேன்.

திருநெல்வேலியிலிருந்து, மூன்றாம் ஆண்டு இ.இ.இ. மாணவர்: கரண்ட் போன நொடியில் உள்ளே என்ன நடக்கிறது சார்? யூ.பி.எஸ்., ஜெனரேட்டர் எல்லாம் இரண்டிரண்டு வைத்தும் எப்படி நின்றுபோகிறது?

தம்பி, நல்ல கேள்வி. சர்வருக்குள் இருக்கும் பவர் சப்ளை மின்சாரம் இல்லாமல் தாக்குப்பிடிப்பது சில மில்லி செகண்ட்தான். அதனால் இங்கே வைக்கும் யூ.பி.எஸ். நம் வீட்டு இன்வெர்ட்டர் மாதிரி கரண்ட் போன பிறகு விழித்துக்கொள்வதில்லை. எந்நேரமும் லோடைத் தாங்கியபடியே இருக்கும். வரும் ஏ.சி.யை டி.சி. ஆக்கி, திரும்பவும் ஏ.சி. ஆக்கிக் கொடுக்கும். ஈ.பி. போனால் டி.சி. பக்கத்தில் பேட்டரி தாங்கிக்கொள்ளும், சர்வருக்கு ஒன்றும் தெரியாது. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகி, வேகமும் வோல்டேஜும் நிலைத்து, லோடை எடுக்கப் பத்துப் பதினைந்து நொடி போதும். பேட்டரி ஐந்து நிமிடத்திலிருந்து கால் மணி நேரம்வரை வருகிற மாதிரி போட்டிருப்பார்கள். முதல் தடவை ஸ்டார்ட் ஆகாவிட்டால் இன்னொரு தடவை முயலத்தான் அந்த நேரம். அதற்குள் குளிரூட்டும் மெஷின்களும் ஓடியாக வேண்டும். சர்வர் அடுக்கிய ரேக்குகள் நெருக்கமாக நிற்கும் அறை ஏ.சி. நின்ற சில நிமிடத்திலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். பேட்டரியை மட்டும் அதிகமாக வாங்கி அடுக்கினால் பயனில்லை.

சரி, இரண்டிரண்டு இருந்தும் ஏன் நிற்கிறது? ஒரு சர்வருக்கு இரண்டு பவர் கார்டு இருக்கும். ஒன்று ‘ஏ’ லைனில், மற்றது ‘பி’ லைனில். இரண்டும் பாதிக்குப் பாதி லோடைப் பகிர்ந்துகொள்ளும். ஒவ்வொரு லைனிலும் அதன் தாங்குதிறனில் பாதிக்குக் குறைவாகத்தான் லோடு இருக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் சேரச் சேர யாரும் கவனிக்காமல் இரண்டு பக்கமும் 60 சதவீதம் ஏறிவிட்டது என்று வையுங்கள். மீட்டரைப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். ‘ஏ’ போன நொடியில் ‘பி’ தலையில் 120 சதவீதம் விழும். பிரேக்கர் ட்ரிப் ஆகும். இரண்டும் போச்சு.

ஜெனரேட்டரும் அப்படித்தான். இஞ்சின் கெட்டு நின்றதை விட, அதை ஸ்டார்ட் பண்ணுகிற சின்ன பேட்டரி செத்துக் கிடந்ததையும், சர்வீஸுக்கு வந்தவர் சுவிட்சை ‘மேனுவல்’ பக்கம் திருப்பி அப்படியே விட்டுப் போனதையும்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இரண்டு ஃபைபர் நெட் கேபிள் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்ன ஓர் இடத்தில் இரண்டும் ஒரே பள்ளத்தில் போயிருந்தன. சாலை தோண்ட வந்த ஜே.சி.பி. ஒரே வாரில் இரண்டையும் எடுத்துவிட்டது.

அதனால் எங்கே வேலைக்குப் போனாலும் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதோடு நிற்காதீர்கள். எது விழுந்தால் இரண்டும் சேர்ந்து விழும் என்று தேடுங்கள். ஈ.பி. மின்சாரம் உள்ளே வரும் மெயின் சுவிட்சை (இன்கமர்) நிஜமாகவே ஆஃப் செய்து, முழு லோடையும் ஜெனரேட்டரில் ஓடவிட்டுச் சோதிக்கிறார்களா என்று பாருங்கள். லோடு இல்லாமல் பத்து நிமிடம் உறுமவிட்டு ‘ஓகே’ என்று ரெஜிஸ்டரில் எழுதுவது சோதனையே அல்ல.

நாகர்கோவிலிலிருந்து, வெப் டிசைனர்: ‘டியர் 3 டேட்டா சென்டர்’ என்று எல்லோரும் விளம்பரம் செய்கிறார்களே, நம்பலாமா?

டியர் ஒன்றிலிருந்து நான்குவரை தரம் பிரிப்பது அப்டைம் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு. டியர் 3 என்றால், எந்த ஓர் உறுப்பையும் பராமரிப்புக்காகக் கழற்றலாம், சர்வர்கள் நிற்காது. டியர் 4 என்றால், எதிர்பாராமல் ஒன்று பழுதானாலும் நிற்காது. சான்றிதழிலும் வகை உண்டு: வரைபடத்துக்கு மட்டும் தருவது ஒன்று, கட்டி முடித்த பிறகு நேரில் வந்து சோதித்துத் தருவது இன்னொன்று. விளம்பரத்தில் எது என்று சொல்லமாட்டார்கள். சான்று பெற்ற இடங்களின் பட்டியலை அந்த அமைப்பே தன் தளத்தில் வைத்திருக்கிறது. அங்கே தேடிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

கோயம்புத்தூரிலிருந்து, ஆடிட்டர் அலுவலகம் நடத்துபவர்: எங்கள் ஹோஸ்டிங் நிறுவனமே தினமும் பேக்கப் எடுக்கிறது. நாங்களும் தனியாக எடுக்க வேண்டுமா?

எடுத்தே ஆக வேண்டும். அந்த பேக்கப் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

2021 மார்ச் 10, நள்ளிரவு தாண்டிய நேரம். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. எஸ்.பி.ஜி. 2 என்ற கட்டடம் முழுவதும் எரிந்துபோனது, பக்கத்தில் எஸ்.பி.ஜி. 1-இல் ஒரு பகுதி போனது. அதே வளாகத்தில் இருந்த மற்ற இரண்டையும் அணைத்துவைக்க வேண்டியதாயிற்று. சுமார் 36 லட்சம் வெப்சைட்கள் படுத்தன. நல்லவேளையாக யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. தானியங்கித் தீயணைப்பு அமைப்பு அந்தக் கட்டடத்தில் இல்லை, மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கவும் வெகுநேரம் பிடித்தது. ஒரே வளாகத்தில் நான்கு டேட்டா சென்டர் என்று கணக்கு இருந்தது. தீ மூண்டபோது நான்கும் சேர்ந்தே நின்றன.

என் மனசை உறுத்துவது அதற்கு அப்புறம் நடந்தது. காசு கொடுத்து பேக்கப் சேவை வாங்கிய ஒரு வாடிக்கையாளர் நீதிமன்றம் போனார். பேக்கப் தனியிடத்தில் இருக்கும் என்பது ஒப்பந்தம், இருந்ததோ சர்வர் எரிந்த அதே கட்டடத்தில். 2023-இல் லீல் நகர வணிக நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு தரச் சொன்னது. பணம் வரலாம், போன கணக்கு வழக்கு வருமா? மாற்றுச் சாவியை அதே சாவிக்கொத்தில் மாட்டிவைத்தால் கொத்து தொலையும்போது அதுவும்தான் தொலையும்.

அரசாங்கங்களும் தப்பவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில், அரசுத் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும்போது தீப்பிடித்தது. 709 அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்ற அமைப்பில் 858 டெராபைட் அழிந்தது. அளவு பெரிது என்று அதற்கு வெளியில் பேக்கப்பே வைத்திருக்கவில்லை.

உங்களிடம் இருப்பது மற்றவர்களின் கணக்கு. ஒரு காப்பி ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இருக்கட்டும். இன்னொன்று வேறு நிறுவனத்திடம், வேறு ஊரில். அங்கே நுழையும் பாஸ்வேர்டும் வேறாக இருக்கட்டும், ஒன்றில் புகுந்தவன் இன்னொன்றையும் அழிக்கக் கூடாது. அப்புறம், மாதம் ஒருமுறை அந்தக் காப்பியிலிருந்து ஒரு ஃபைலையாவது திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள்.

சென்னை, வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: வெள்ளம் வரும் ஊரில், கடலோரத்தில் போய் இத்தனை டேட்டா சென்டர்கள் கட்டுகிறார்களே?

கடல் இருப்பதால்தான் கட்டுகிறார்கள். சிங்கப்பூரிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வரும் கடலடி கேபிள்கள் மும்பையை அடுத்து அதிகமாகக் கரையேறுவது இங்கேதான். கேபிள் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் சர்வர் இருந்தால் வேகம் கூடும், செலவு குறையும். அதற்கான விலை, தண்ணீருக்குத் தயாராக இருப்பது.

2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயலில் நியூயார்க் மன்ஹாட்டனின் தென்கோடிக்குள் கடல் புகுந்தது. பிராட் ஸ்ட்ரீட் 75-ஆம் எண் கட்டடத்தில் ஒரு டேட்டா சென்டர் இருந்தது. ஜெனரேட்டரை 17-ஆவது மாடியில் வைத்திருந்தார்கள், வெள்ளம் தொட முடியாது. ஆனால் டீசலை மேலே ஏற்றும் பம்ப் அடித்தளத்தில் இருந்தது, அது மூழ்கிவிட்டது. ஊழியர்களும், அங்கே சர்வர் வைத்திருந்த நிறுவனத்தாரும் வரிசையாகப் படிக்கட்டில் நின்று பக்கெட் பக்கெட்டாக டீசலை 17 மாடி தூக்கிக் கொடுத்து ஜெனரேட்டரை ஓடவைத்தார்கள். அந்த மனிதர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை. அதே சமயம், பம்பை அங்கே வைக்க வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவரிடம் கேட்க எனக்கு நிறையக் கேள்விகள் உண்டு.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் நமக்குச் சொல்லிக்கொடுத்தது இன்னொன்று. 1878-இல் தொடங்கிய ‘தி ஹிண்டு’ நாளிதழ் அந்த டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. ஊழியர்கள் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. டேட்டா சென்டருக்கும் அதே கதிதான். அந்த வாரம் ஷிஃப்ட் மாற்ற ஆள் வராமல் நாங்கள் உள்ளேயே தங்கினோம். கட்டடத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, ஆனால் டீசல் லாரி வரும் சாலை மூழ்கியிருந்தது. டேங்கில் இருப்பு இருந்ததால் ஓட்டினோம். அதிலிருந்து ஒரு டேட்டா சென்டரைப் பார்க்கப் போனால், தரை உயரத்தை மட்டும் நான் கேட்பதில்லை. எத்தனை மணி நேரத்துக்கு டீசல் இருக்கிறது, அந்தக் கணக்கு முழு லோடுக்கா, ஊழியர்கள் படுக்க இடமும் சாப்பிட அரிசி பருப்பும் இருக்கிறதா என்றும் கேட்கிறேன்.

உங்கள் சைட் சென்னையில் இருந்தால் பயப்பட வேண்டாம். பேக்கப்பை மட்டும் சென்னைக்கு வெளியே, முடிந்தால் ஹைதராபாத் மாதிரி கடலைவிட்டுத் தள்ளிய ஊரில் வையுங்கள்.

ஈரோட்டிலிருந்து, ஜவுளிக்கடைக்காரர்: ஆபீஸிலேயே இன்வெர்ட்டர், ஏ.சி. எல்லாம் இருக்கிறது. சர்வரை நாங்களே வைத்துக்கொண்டால் என்ன?

வெப்சைட்டுக்கு வேண்டாம். உங்களுக்கு நெட் லைன் ஒன்றுதான், ஏ.சி. ஒன்றுதான், ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் எழுந்து வர ஆளில்லை. ஆனால் கடைக்குள் பில் போடும் சாஃப்ட்வேரின் சர்வரை வெளியே கொண்டுபோகவும் வேண்டாம். நெட் போன நாளிலும் பில் போட்டாக வேண்டும் இல்லையா? அது உங்கள் ஆபீஸிலேயே இருக்கட்டும். ராத்திரி கடை மூடியதும் அதன் காப்பி ஒன்று வெளியூருக்குப் போகிற மாதிரி மட்டும் செய்துவிடுங்கள்.