பத்துக்கு ஒன்பது ரேட்டிங், மாதம் 800 டாலர் கூடுதல்

கேள்வி: டெக்சாஸ் பிளேனோவிலிருந்து ஜூலையில் கலிஃபோர்னியா வருகிறோம். கணவருக்குக் கூப்பர்டினோவில் வேலை. நானும் வேலை தேடுகிறேன். மகளுக்கு மே மாதம் ஐந்து வயது முடிந்தது. ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கிண்டர்கார்டனில் சேர்க்க வேண்டும். இரண்டு அப்பார்ட்மென்ட் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றுக்கு 9 ரேட்டிங் அரசுப் பள்ளி, இன்னொன்றுக்கு 7. முதல் வீட்டுக்கு மாதம் 800 டாலர் அதிகம். "இந்த வாரமே லீஸ் (வாடகை ஒப்பந்தம்) போட்டுவிடுங்கள், ஸ்கூல் கேரண்டி" என்கிறார் வீடு காட்டுபவர். போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். ஒரு போன் கால் பாக்கி இருக்கிறது.

"ஸ்கூல் கேரண்டி" என்று சொல்லும் அதிகாரம் வீடு காட்டுபவருக்குக் கிடையாது. வீட்டுச் சொந்தக்காரருக்கும் கிடையாது. சொல்லப்போனால் அந்தப் பள்ளியின் பிரின்சிபாலுக்கே கிடையாது. வீட்டு முகவரியை வைத்து இடம் ஒதுக்குவது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின் அலுவலகம். அப்படி ஓர் அலுவலகத்தின் சேர்க்கை கவுன்டரில் சில வருடங்கள் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன், ஆகஸ்ட் மாதம் அந்தக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்காருவதே ஒரு தண்டனை.

ஒரு தம்பதி நினைவுக்கு வருகிறார்கள். லீஸ், பி.ஜி.இ. மின்சார பில், பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை எல்லாம் ஃபைலில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். கதவு எண்ணைக் கணினியில் போட்டேன். வேறு பள்ளி வந்தது. எல்லைக்கோடு அந்தத் தெருவின் நடுவில் ஓடுகிறது. இரட்டைப்படை எண்கள் அவர்கள் விரும்பிய பள்ளிக்கு, ஒற்றைப்படை எண்கள் அடுத்ததற்கு. கணவர் லீஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதிர்வீட்டு ஜன்னல் எங்கள் கிச்சனிலிருந்தே தெரியுமே" என்றார் மனைவி. தெரியும்தான். ஆனால் அவர்கள் கையெழுத்துப் போட்டது எதிர்வீட்டுக்கு இல்லையே.

வாடகை விளம்பரங்களில் வீட்டுப் படத்துக்குக் கீழே பள்ளியின் பெயரும் ரேட்டிங்கும் போட்டிருப்பார்கள். அதற்கும் கீழே, பொடி எழுத்தில், "பள்ளி எல்லையை நீங்களே உறுதி செய்துகொள்ளவும்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிதான் அந்தப் பக்கத்திலேயே உண்மையான வரி. டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. கதவு எண்ணோடு போடுங்கள். பிறகு அலுவலகத்துக்கு போன் செய்து அதையே மறுபடி கேளுங்கள்.

ஊர்ப் பெயரை நம்பவே நம்பாதீர்கள். கூப்பர்டினோ யூனியன் டிஸ்ட்ரிக்ட் கூப்பர்டினோவோடு முடிவதில்லை. சான் ஹோசே, சன்னிவேல், சாரட்டோகா என்று பக்கத்து ஊர்களின் சில பகுதிகளுக்குள்ளும் நீள்கிறது. மறுபக்கம், கூப்பர்டினோ என்று முகவரி இருக்கிற எல்லா வீடும் அதற்குள் வராது. அந்த டிஸ்ட்ரிக்டும் எட்டாம் வகுப்போடு சரி. அதற்கப்புறம் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஃப்ரீமான்ட் யூனியன் என்று தனி டிஸ்ட்ரிக்ட். பெயரைப் பார்த்துவிட்டு சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃப்ரீமான்ட் ஊரில் வீடு தேடியவர்களையும் பார்த்திருக்கிறேன். இப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!

சரி, முகவரி சரியாகவே விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இடம் உறுதி இல்லை, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. கிண்டர்கார்டன் பதிவு பெரும்பாலும் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். நீங்கள் ஜூலையில் வருகிறீர்கள். அந்த வகுப்பு நிரம்பியிருந்தால் உங்கள் மகளை அதே டிஸ்ட்ரிக்டில் இடம் இருக்கும் இன்னொரு பள்ளிக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகு வெயிட்டிங் லிஸ்ட். ஆக, 9 ரேட்டிங் பள்ளிக்கென்று கூடுதலாக 800 டாலர் கொடுத்துக்கொண்டே குழந்தையைத் தினமும் 7 ரேட்டிங் பள்ளிக்குக் காரில் கொண்டுபோய் விடும் நிலைமை வரலாம். போன் செய்யும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இந்த முகவரியில் வந்தால், இன்றைய தேதிக்கு கிண்டர்கார்டனில் இடம் இருக்கிறதா, இல்லையென்றால் எந்தப் பள்ளிக்கு அனுப்புவீர்கள்?"

ரேட்டிங்குக்கு வருகிறேன். பள்ளிகளை மதிப்பிடும் இணையதளங்கள் போடும் அந்த எண்ணில் பெரும்பங்கு மாநிலத் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து வருகிறது. கலிஃபோர்னியாவில் அந்தத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் ஆரம்பம். உங்கள் மகள் நுழையப்போகும் வகுப்புக்கும், அடுத்த இரண்டு வகுப்புகளுக்கும் அப்படி ஒரு தேர்வே கிடையாது. மூன்றாவதுக்கு மேலே வரும் மதிப்பெண்ணில் ஆசிரியர் எவ்வளவு, சாயங்கால டியூஷன் சென்டர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பணக்காரப் பகுதி என்றால் மதிப்பெண் உயரும். உயர்ந்தால் வாடகை ஏறும். ஏறினால் அந்த வாடகை கட்டக்கூடியவர்கள் மட்டும் வருவார்கள். மறுபடி மதிப்பெண் உயரும். இந்தச் செக்குமாட்டுச் சுற்றுக்குத்தான் மாதம் 800 டாலர்.

இதில் கொடுமை, இளம் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாத அளவுக்கு வீட்டு விலை ஏறி, பிள்ளைகள் எண்ணிக்கையே குறைந்துவிட்டது. 2022-ல் இதே கூப்பர்டினோ டிஸ்ட்ரிக்ட் ரெக்னார்ட், மைர்ஹோல்ஸ் பள்ளிகளை மூடியது. நடந்து போகும் தூரத்தில் பள்ளி என்று வீடு வாங்கியவர்கள் இருந்தார்கள். வீடு இருக்கிறது, பள்ளி இல்லை. பணக்காரப் பகுதி என்றால் பள்ளியிலும் பணம் கொழிக்கும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. மாநில நிதிமுறையில் ஏழைப் பிள்ளைகளும் ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளும் அதிகம் உள்ள இடத்துக்குத்தான் கூடுதல் தொகை, அது நியாயமும்கூட. அதனால் இங்கே பள்ளி திறந்த சில வாரங்களிலேயே நன்கொடை கேட்டு மின்னஞ்சல் வரும். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். அரசுப் பள்ளியில் கட்டாயக் கட்டணம் கூடாது என்பது இந்த மாநிலத்தின் சட்டம். கொடுக்காவிட்டால் குழந்தையை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம்.

அடுத்தது "அட்ரஸ் கொடுக்கிறேன்" ஆசாமிகள். வாட்ஸ்அப் குழுக்களில் உலவுவார்கள். உங்கள் பெயரில் ஒரு மின்சார பில், ஒரு போலி லீஸ், மாதம் இவ்வளவு. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். டிஸ்ட்ரிக்ட்கள் வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்க்கும்; பொய் என்று தெரிந்தால் நடு வருடத்தில் குழந்தையை வெளியே அனுப்பும். நேர்மையாக இருப்பவர்களையே விடுவதில்லை. 2014-ல் ஒரிண்டா என்ற வசதியான ஊரில், வீட்டோடு தங்கி வேலை பார்த்த ஒரு பெண்ணின் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் உள்ளூர்தானா என்று பார்க்க டிஸ்ட்ரிக்ட் தனியார் துப்பறிவாளரை வைத்தது. வெளியே போகச் சொன்னார்கள். ஊர் கொதித்த பிறகு சேர்த்துக்கொண்டார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குத் துப்பறிவாளர்! அதற்கு மட்டும் காசு இருக்கிறது.

உங்களுக்கு நேர்மையான ஒரு வழி இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இதை அரைகுறையாகப் புரிந்துகொண்டு வருபவர்கள் அதிகம். பெற்றோரில் ஒருவர் ஒரு டிஸ்ட்ரிக்டின் எல்லைக்குள் பள்ளி வாரத்தில் குறைந்தது 10 மணி நேரம் நேரில் வேலை பார்த்தால், வெளியில் குடியிருந்தாலும் அந்தப் பிள்ளையை உள்ளூர்ப் பிள்ளையாகக் கருதிச் சேர்த்துக்கொள்ள அந்த டிஸ்ட்ரிக்டுக்குச் சட்டம் இடம் தருகிறது. இடம் தருகிறது என்றுதான் சொன்னேன். சேர்த்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. செலவைக் காட்டி மறுக்கலாம். இனம், பெற்றோரின் வருமானம், பிள்ளையின் படிப்பு இவற்றைக் காட்டி மறுக்கக்கூடாது. நேரில் என்பதற்கு அழுத்தம் கொடுத்துப் படியுங்கள்: வீட்டிலிருந்து பார்க்கும் வேலை கணக்கில் வராது. கம்பெனியின் தலைமையகம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியமில்லை. உங்கள் கணவர் நாற்காலி போட்டு உட்காரும் கட்டடம் எந்த டிஸ்ட்ரிக்டில் இருக்கிறது என்று அதன் கதவு எண்ணை வைத்துப் பாருங்கள். ஒருமுறை சேர்த்துக்கொண்டால் வருடாவருடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டாம், ஆனால் அந்த வேலை அங்கேயே தொடர வேண்டும். எச்-1பி வேலை விசாவில் வேலை போனாலே, வேறு வேலை தேடவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ அறுபது நாள் கெடு தலைமேல் நிற்கும். அதோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் விரும்பும் அதே பள்ளியைக் கொடுப்பார்கள் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் இடத்தில் நான் இருந்தால்? 7 ரேட்டிங் வீடுதான். வருடத்துக்கு 9,600 டாலர் மிச்சம். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பள்ளி வாசலுக்கு, காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நேரத்துக்குப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். வாசலில் நிற்கும் ஆசிரியருக்குப் பிள்ளைகளின் பெயர் தெரிகிறதா, அழுகிற குழந்தையை யாராவது குனிந்து கவனிக்கிறார்களா, பாருங்கள். நீங்களும் வேலைக்குப் போகப் போகிறீர்கள். கிண்டர்கார்டன் மதியத்துக்கு மேல் சீக்கிரமே விட்டுவிடும். பள்ளி வளாகத்தில் மாலைக் காப்பகம் உண்டா, அதில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் பள்ளிச் சீட்டைவிட அந்த வரிசை நீளம்.

இன்னொன்று. கூப்பர்டினோ இருக்கும் சான்டா கிளாரா கவுன்டியில் பள்ளி சேர, காசநோய் அபாயம் உண்டா என்று பார்க்கும் படிவம் வேண்டும். மகளுக்கு இந்தியாவில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருந்தால், தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை வீணாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். அப்புறம் எக்ஸ்ரே, அலைச்சல். பரிசோதனை தேவை என்று டாக்டர் சொன்னால் ரத்தப் பரிசோதனையாகவே செய்யச் சொல்லுங்கள். பிளேனோவை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே தடுப்பூசிப் பதிவின் நகலை அங்குள்ள டாக்டரிடம் வாங்கிக் கைப்பையில் வையுங்கள். மூவர்ஸ் லாரியில் ஏற்றும் பெட்டியில் வேண்டாம்.