நின்றுபோகும் வண்டியின் மீது வைத்த பற்று

வணக்கம் ஐயா,

கொடிகாமத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா 1973 இல் திணைக்கள ஏலமொன்றில் வாங்கிய பழைய லாண்ட் றோவர் ஒன்று எங்கள் வீட்டில் நிற்கிறது. பெற்றோல் எஞ்சின். 2000 ஆம் ஆண்டு இடப்பெயர்வில் அப்பா இதில்தான் எங்களை வடமராட்சிக்குக் கொண்டுபோனார். அவர் காலமான பிறகு நானே ஓட்டுகிறேன். செம்பியன்பற்றுப் பக்கம் எங்களுக்கு ஒரு தென்னங்காணி உண்டு. அங்கே மணற்பாதையில் கார் போகாது, இது போகும். ஆனால் மத்தியான வெயிலில் திடீரென நின்றுவிடும். மாரிகாலக் காலைகளில் ஸ்ராட் ஆகாது. சென்ற மாதம் அம்மாவை யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் கூட்டிப்போகும் வழியில் நாவற்குழியில் நின்றுவிட்டது. அம்மா வெயிலில் காத்திருந்து களைத்துப்போனார். கனடாவில் இருக்கும் அண்ணா, "அதை வித்துப்போடு, சின்னக் கார் ஒண்டு வாங்கித் தாறன்" என்கிறார். கராச்சில் இருப்பவர், "ஜப்பான் டீசல் எஞ்சின் ஒண்டை மாத்திப் போடு பிள்ளை" என்கிறார். இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை. அது நின்றுபோகும் ஒவ்வொரு தடவையும் அதன் மீது எனக்குப் பற்றுக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. அதற்கும் ஒரு குணம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இரும்பின் மீது இவ்வளவு அன்பு வைப்பது பேதைமையா?

ச.

அன்புள்ள சகோதரி,

பேதைமை இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தை வாசித்தவுடன் எனக்குத் தோன்றியதும் அதுதான். ஆனால் அந்தக் கடிதத்தில் இரண்டு விடயங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. உங்கள் தகப்பனாரின் கைப்பட்ட ஒரு வண்டியைப் பேணி வைத்திருப்பதில் உங்களுக்குள்ள பற்று ஒன்று. அதன் பழுதுகளைக் குணம் என்று ஏற்றுக்கொண்டு, அவற்றின் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுவது மற்றொன்று. முதலாவதை நான் முழுமனதோடு மதிக்கிறேன். இரண்டாவது அந்தப் பற்றுக்கே கேடு செய்வது என்று கருதுகிறேன்.

நின்றுபோகும் வண்டியின் மீது ஏன் பற்றுக் கூடுகிறது என்று கேட்டால், அது நின்றுபோவதனால்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. திறப்பைத் திருப்பியவுடன் புறப்பட்டு, சேரவேண்டிய இடத்தில் நம்மை இறக்கிவிடும் காரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் வண்டியோ உங்களை இறங்கி நிற்க வைத்திருக்கிறது, முன்மூடியைத் திறக்க வைத்திருக்கிறது, எந்தச் சத்தம் வழமையானது எந்தச் சத்தம் புதியது என்று செவிகொடுக்க வைத்திருக்கிறது. மஞ்சள் குமிழை அழுத்தி முன்சில்லுகளையும் சேர்த்துக்கொள்வது எப்போது, சிவப்புக் குமிழைப் பின்னே இழுத்துத் தாழ்ந்த கியருக்கு மாறுவது எப்போது என்பதை உங்களுக்கு மணல்தான் கற்பித்திருக்கும். பாதை முடிகிற இடத்துக்கு அப்பால் போகிறவர்களுக்கும் அவர்களைச் சுமக்கும் வண்டிக்கும் இடையில் இப்படியொரு கவனம் மிகப் பழைய காலத்திலிருந்தே இருந்து வந்திருக்கிறது. சங்ககாலத்து உமணர் உப்பு வண்டிகளை ஓட்டிச் சென்றபோது, பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் அங்கே என்ன நேருமென்று யாரறிவார் என்று எண்ணி, வண்டியின் கீழ்மரத்தில், முறிந்தால் மாற்றுவதற்கென்று சேம அச்சு ஒன்றைக் கட்டியே புறப்பட்டார்கள். அவர்கள் தம் வண்டியை நம்பினார்கள். ஆனாலும் அச்சு முறியக்கூடும் என்பதை அறிந்தே நம்பினார்கள்.

எங்கள் ஊரில் இந்தப் பற்றுக்கு இன்னொரு வேரும் உண்டு. 1990 இல் மீண்டும் போர் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. போத்தலில் அளந்து விற்கப்பட்ட கொஞ்சப் பெற்றோலை வைத்து எஞ்சினை எழுப்பி, அது சூடாகியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் வெண்புகை கக்கிக்கொண்டு ஓடிய காலத்தை அன்று இங்கிருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினுக்குள் இலகுவில் ஆவியாகாது. அதனால்தான் தொடக்கத்துக்குப் பெற்றோல் வேண்டியிருந்தது. அமுக்கம் குறைந்த அந்தக் காலத்து எஞ்சின்கள் அதைத் தாங்கிக்கொண்டன. ஆனால் எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது, பிளக்குகளில் கரி படிந்தது, பெயாரிங்குகள் தேய்ந்தன. ஒயிலை அடிக்கடி மாற்றவும் வழியில்லை, ஒயிலும் அரிது. அந்த ஆண்டுகளை ஒரு வண்டி கடந்து வந்திருக்கிறதென்றால், ஒவ்வொரு மாலையும் யாரோ ஒருவர் பிளக்கைக் கழற்றிச் சுரண்டித் துடைத்திருக்கிறார் என்பதே பொருள். உங்கள் தகப்பனார் அதைச் செய்திருக்க வேண்டும். வேறொன்றை வாங்க முடியாத காலத்தில், கையிலிருப்பதைச் சாகவிடாமல் வைத்திருப்பதே பிழைப்பாக இருந்தது. அன்று அவர் அந்த வண்டிக்குக் கொடுத்த உழைப்பையே இன்று நீங்கள் அன்பாகப் பெற்றிருக்கிறீர்கள் என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அவர் பிளக்கில் கரி பிடிப்பதை வண்டியின் குணம் என்று விட்டுவிடவில்லை. கரி ஏன் வருகிறதென்று அறிந்து கழற்றினார். அந்த இடத்தில்தான் உங்களோடு எனக்குச் சற்று மாறுபாடு.

மத்தியானத்தில் நின்றுபோவதைப் பாருங்கள். மணலில் தாழ்ந்த கியரில் மெதுவாகப் போகும்போது எஞ்சின் கடுமையாக உழைக்கிறது, முன்னிருந்து வரும் காற்றோ போதாது. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பெற்றோல் பம்பும், சூடான புகைக்குழாய்க்கு அருகால் போகும் பெற்றோல் குழாயும் வெப்பமேறி, உள்ளே பெற்றோல் ஆவியாகிவிட, பம்ப் வெறும் ஆவியை இழுத்துக்கொண்டிருக்கும். பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றருக்கு ஒன்றும் போய்ச்சேராது. அரைமணி நேரம் ஆறியபின் ஒன்றும் நடவாததுபோல எஞ்சின் எழும்பும். பிளக்கில் பொறி பாய வைக்கும் இக்னிசன் கொயிலோ கொண்டென்சரோ சூட்டில் செயலிழந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். ஆகவே அடுத்தமுறை நிற்கும்போது, அதைக் குணம் என்று விட்டுவிடுவதற்கு முன்பு, ஒரு பிளக்கைக் கழற்றி வயரில் கொழுவி, எஞ்சின் இரும்பில் தொட வைத்து, ஒருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். பெற்றோல் கசிவோ மணமோ இருந்தால் இதைச் செய்ய வேண்டாம். வயரின் இரப்பர் உறைக்கு மேலால் மட்டுமே பிடியுங்கள். நீலப்பொறி பலமாகப் பாய்ந்தால் குற்றம் பெற்றோலின் வழியில் இருக்கிறது. அப்போது பம்பின் மேல் ஈரத்துணி ஒன்றைப் போட்டு ஆறவிடலாம். பிறகு கராச்சில் குழாயைச் சூட்டிலிருந்து விலக்கிக் கட்டுவிக்கலாம், ரேடியேற்றரின் கண்களில் அடைத்திருக்கும் மணலையும் புழுதியையும் கழுவுவிக்கலாம். பொறி இல்லையென்றால் கொயிலையும் கொண்டென்சரையும் மாற்றுவது பெரிய செலவல்ல. மாரிகாலக் காலைகளில் எழும்பாததற்கு பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரின் மூடிக்குள் படியும் ஈரமே பெரும்பாலும் காரணம்; மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, வெடிப்பு இருந்தால் புதிதாக மாற்றுங்கள். இவற்றை அறிந்துகொண்ட பின்னர் உங்கள் பற்றுக் குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். நோயின் பெயர் தெரிந்ததால் எந்தத் தாயும் பிள்ளையிடம் அன்பு குறைந்ததில்லை.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்கு உண்டு. அதை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. லாண்ட் றோவர் 1948 ஏப்ரல் 30 ஆம் திகதி ஆம்ஸ்ரடாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது, உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடு நிலவியதால், அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் உருக்கு. பின்னர் வந்த வண்டிகளிலும் அந்த அமைப்பே தொடர்ந்தது. அலுமினியத்தில் உருக்கைப்போலத் துருப்பிடிப்பதில்லை. ஆகையால் ஐம்பது ஆண்டு கடந்த வண்டியும் வெளியே பார்வைக்கு அழகாகவே நிற்கும். உள்ளே சேசிஸ் கடற்காற்றில் அரிபட்டுக்கொண்டிருக்கும். அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொள்ளும் மூட்டுகளில் உப்பு ஈரம் தங்கினால் அரிமானம் இன்னும் விரைவாகும். செம்பியன்பற்றுக் கரையின் உப்புக் காற்றில் போய்வரும் வண்டி உங்களுடையது. வீடு திரும்பியதும் கழுவுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் எந்தக் கிணற்று நீரால் கழுவுகிறீர்கள் என்பதையும் பாருங்கள், நம் பக்கத்தில் உவர்க்கிணறுகள் பல. நல்ல தண்ணீர்க் கிணற்று நீரால் அடிப்பக்கத்தைக் கழுவவேண்டும். ஒரு சிறிய சுத்தியலை எடுத்து, சேசிஸின் பின் குறுக்குச் சட்டத்தையும் ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் இடங்களையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலித்தாலோ பொருக்கு உதிர்ந்தாலோ, வேறெந்தச் செலவுக்கும் முன்பு அங்கேதான் பணம் போகவேண்டும்.

பிரேக்கும் அவ்வாறே. அந்தக் காலத்து வண்டிகளில் நான்கு சில்லுகளுக்கும் சேர்த்து ஒரே நீர்ம வழிதான். ஓரிடத்தில் குழாய் துருப்பிடித்து ஒழுகினால் நான்கிலும் பிரேக் இல்லாமற் போய்விடும். மணலில் மெதுவாகப் போகும்போது அது ஓரளவு தப்பக்கூடிய ஆபத்து. ஏ9 வீதியில் பேருந்துகளுக்கும் லொறிகளுக்கும் நடுவில் அப்படியல்ல. ஆகவே வெளிப்படையாகவே சொல்கிறேன்: உங்கள் தாயாரை இனி அந்த வண்டியில் கிளினிக்குக் கூட்டிப்போகாதீர்கள். அவருக்கு அந்த வண்டியின் மீது உங்களுக்குள்ள பற்று இருக்கலாம், உங்களிலும் கூடுதலாகவே இருக்கலாம். ஆனால் வெயிலில் காத்திருக்கும் உடல்நிலை அவருக்கு இல்லை. உங்கள் அன்புக்கு அவர் விலை கொடுக்கலாகாது. அண்ணா சின்னக் கார் வாங்கித் தருகிறேன் என்றால் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளுங்கள். அதை வாங்குவதற்கு இதை விற்கத்தான் வேண்டுமா என்பதை மட்டும் அவரோடு இன்னொரு முறை பேசுங்கள். தூரத்திலிருந்து உதவுகிறவர்களுக்கு ஒரு பிரச்சினையை முற்றாகத் தீர்த்துவிட வேண்டும் என்ற அவசரம் இருப்பது இயல்பே. தென்னங்காணிக்குப் போக உங்களிடம் வேறு வண்டி இல்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னால், அதே தகப்பனாரின் பிள்ளையான அவர் விளங்கிக்கொள்ள மாட்டார் என்று நான் நினைக்கவில்லை.

கொழும்பில் இத்தகைய வண்டிகளுக்கு நல்ல விலை உண்டு என்பது உண்மைதான். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழையவற்றின் விலை எங்கும் ஏறியது. 2025 இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது. இதை வைத்து நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை என்பதற்கு மேல் விலையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

இறுதியாக எஞ்சின். உங்கள் கராச்சுக்காரர் சொல்வதை எடுத்தெறிய வேண்டாம். இலங்கை முழுவதும் இத்தகைய வண்டிகள் பல ஜப்பானிய டீசல் எஞ்சினோடு ஓடிக்கொண்டிருக்கின்றன, அதனாலேயே அவை இன்னும் ஓடுகின்றன. எஞ்சின் மாறினால் அப்பாவின் வண்டி அப்பாவின் வண்டியாக இருக்காதோ என்ற கலக்கம் உங்கள் வரிகளுக்கிடையில் தெரிகிறது. அரை நூற்றாண்டில் அவர் அதில் எத்தனை ரயர், எத்தனை கிளச் தட்டு, எத்தனை பற்றறி மாற்றியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். ஓட வைப்பதற்காக மாற்றுவதை அவர் ஒருபோதும் துரோகமாகக் கருதியிருக்க மாட்டார். ஆனாலும் டீசலுக்கு மாறுவதற்கு முன், இப்போதைய எஞ்சினின் அமுக்கத்தை நான்கு சிலிண்டரிலும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மண்ணெண்ணெய்க் காலத்துத் தேய்மானம் அதில் தெரியும். சிலிண்டர்களைக் கடைந்து பிஸ்டன் வளையம் மாற்றினால் சரிவருமென்றால் அதையே செய்யுங்கள். உங்கள் பயணங்கள் குறுகியவை, டீசலின் சிக்கனத்தால் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. சரிவராதென்றால் தயங்காமல் மாற்றுங்கள், மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவும் செய்யுங்கள். இல்லாவிட்டால் பின்னாளில் காப்புறுதியிலும் உரிமை மாற்றத்திலும் சிக்கல் வரும். பழைய எஞ்சினை இரும்புக்காரருக்கு நிறுக்கக் கொடுத்துவிடாதீர்கள். எண்ணெய் பூசிச் சாக்கால் மூடிக் கொட்டிலில் வையுங்கள்.

எதைச் செய்வதானாலும் சேசிஸை முதலில் பாருங்கள். அரிபட்ட சட்டத்தின் மேல் புது எஞ்சினை ஏற்றுவதில் பயனில்லை. ஒட்டு வேலையும் பூச்சும் ஐப்பசி மழைக்கு முன் முடிந்துவிட வேண்டும். ஈர இரும்பின் மேல் பூசினால் துரு உள்ளேயே தங்கிவிடும். ஆவணியில் வண்டியைக் கராச்சில் விடுங்கள். காணியில் தேங்காய் பறிப்பதற்கு அந்த நாட்களில் அயலவரின் லாண்ட்மாஸ்ரரை, அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, வாடகைக்குப் பிடித்துக்கொள்ளலாம்.

அன்புடன்.